மரக்கம்புக்கு ஒரு சட்டம், ஸ்டீல் லத்திக்கு ஒரு சட்டம்: இதை மக்களிடம் யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுப்பவன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், இடம் பார்த்துப் போடுங்கள். ஆனால் சட்டப் பிரிவுகள் வரும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மக்களுக்குப் போய்ச் சேர வேண்டியதே அதுதான்.

இப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர்கள், முக்கியமாக ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மாஸ்டர், ஆன்லைன்ல மடக்கு லத்தி விக்கிறாங்களே, ஒண்ணு வாங்கி பைக்குள்ள போட்டுக் கொடுத்திடலாமா? போலீஸ் பிடிச்சா ஏதும் பிரச்னை வருமா?" கேட்பவர்கள் யாரும் வம்புச் சண்டைக்குப் போகிறவர்கள் இல்லை. இரவு பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, விளக்கு எரியாத தெருவில் நடந்து வர வேண்டிய மகளை நினைத்துப் பயப்படுகிறவர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள்தான் நியாயமாக இல்லை. ஒருவர் "கம்புதானே, எவன் கேட்கப் போறான்" என்கிறார். இன்னொருவர் "கையில எது இருந்தாலும் கேஸ் போட்டு உள்ளே தள்ளிருவாங்க" என்கிறார். இரண்டும் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஆயுதம் பற்றிய அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த, அல்லது ஆயுதமாக மாற்றிய எந்தப் பொருளும் ஆயுதம்தான் என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருட்கள் ஆயுதக் கணக்கில் வராது, உதாரணமாக லத்தி, சாதாரண ஊன்றுகோல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதாவது ஆடு மேய்க்கிறவர் தோளில் கிடக்கும் கம்பும், காலையில் வாக்கிங் போகும் பெரியவர் நாய்க்குப் பயந்து எடுத்துச் செல்லும் தடியும் ஆயுதமே இல்லை. உரிமம் என்ற பேச்சே அதற்குக் கிடையாது.

இந்த விலக்கு சும்மா வந்ததில்லை. அதற்கு முன்னால் இருந்தது 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் கொண்டுவந்த ஆயுதச் சட்டம். இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியர்களுக்கு அது வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். சொந்த நாட்டு மக்களைப் பார்த்து அரசாங்கம் பயந்த காலம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாகச் சட்டம் எழுதியவர்கள் கிராமத்து மனிதனின் கையில் இருக்கும் கம்பை வெளிப்படையாகவே வெளியே வைத்தார்கள். கம்பு சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதை நினைத்தால் எனக்கு மனசு நிறையும்.

கம்பு கையில் இருப்பது குற்றமில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி திருமலை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் 6 வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு, நடந்து மலையேறும் பக்தர்களுக்குக் கைத்தடி கொடுக்கத் தேவஸ்தானமே முடிவு செய்தது. நம் ஊர்களிலிருந்து போய்வந்தவர்கள் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். யாரும் உரிமம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

இனிதான் விஷயமே இருக்கிறது. பெற்றோர்கள் வாங்கலாமா என்று கேட்பது மரக்கம்பு இல்லை, ஸ்டீல் லத்தி. மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடக்கினால் கைப்பைக்குள் அடங்கும், ஓங்கி உதறினால் நீண்டு பூட்டிக்கொள்ளும். அது வீட்டுக்கும் ஆகாது, வயலுக்கும் ஆகாது, ஆளை அடிப்பதற்கென்றே செய்த பொருள். ஆகவே மேலே சொன்ன விலக்கு அதற்குப் பொருந்தாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒரு பட்டியல் இருக்கிறது, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களின் பட்டியல். வாள், கைத்தடிக்குள் மறைத்த வாள், குத்துவாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி (வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக) என்று போகும் அந்தப் பட்டியலில் எஃகுத் தடியும் பெயர் சொல்லி இருக்கிறது. புதிதாகச் சேர்த்ததும் இல்லை, பழைய 1962 விதிகளிலேயே இருந்ததுதான். மடக்கு லத்தியை "செல்ஃப் டிஃபென்ஸ் ஸ்டிக்" என்று பெயர் மாற்றி விற்றால் அது பட்டியலை விட்டு வெளியே வந்துவிடாது.

அப்படியானால் வைத்திருந்தாலே கைதா என்றால், அதுவும் நேரான பதில் இல்லை. துப்பாக்கிக்கு நாடு முழுக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி அல்லாத ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் கட்டாயமாவது, மத்திய அரசு ஆயுதச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி ஒரு பகுதிக்கு அறிவிக்கை போட்டு, இந்த வகை ஆயுதத்துக்கு இங்கே உரிமம் வேண்டும் என்று சொன்னால்தான். அந்த அறிவிக்கை தன் ஊருக்கு இருக்கிறதா இல்லையா என்று, மகளுக்குப் பயந்து லத்தி தேடும் ஒரு தகப்பன் எங்கே போய்ப் பார்ப்பார்? எந்த அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது? போட்டிக்காக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற எனக்கே போலீஸ் நிலையத்துக்கு நிலையம் வேறு வேறு பதில் கிடைத்திருக்கிறது. ஓர் இடத்தில் "சிலம்பக் கம்புதானே, தாராளமா கொண்டு போங்க" என்றார்கள். வேறோர் இடத்தில் பிள்ளைகளின் கம்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போதுதான் கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் இரவல் கம்பை வைத்து ஆடினார்கள். பழகாத கம்பின் எடையும் உயரமும் கைக்கு ஒத்துவராது, சுற்றும்போதே தெரியும். ஆடி முடித்து ஒரு சின்னப் பையன் அழுதான்.

சிலம்பத்தை அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்த மாநிலம் இது. கேலோ இந்தியா பட்டியலிலும் சிலம்பம் இருக்கிறது. சேர்த்ததற்கு மனதார நன்றி. ஆனால் கம்போடு பஸ்ஸில் ஏறும் மாணவனைக் கண்டக்டரோ காவலரோ நிறுத்தும்போது காட்டுவதற்கு அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கம்புக்கு உரிமம் வேண்டாம் என்பதால் எங்கேயும் எப்போதும் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவின்படி, அதாவது நாம் இன்னமும் 144 என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே அதன்படி, கலெக்டர் தடை உத்தரவு போட்டால் கம்பு எடுத்து வருவதையும் தடுக்க முடியும். எங்கள் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி நிகழ்ச்சிகளை ஒட்டித் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் கம்பும் கையுமாகக் கூட்டமாகப் போனால், சிலம்பம் என்று சொல்லித் தப்ப முடியாது. என் மாணவர்களுக்கு அந்தச் சமயத்தில் வெளியூர் போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அப்புறம், கம்பின் முனையில் ஆணி அடித்தாலோ உள்ளே ஈயம் ஊற்றினாலோ அது ஆயுதமாக மாற்றிய பொருள், விலக்கு அங்கேயே போய்விடும். விமானத்தில் கைப்பையில் எந்த லத்தியும் கொண்டு போக முடியாது. லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் மடக்கு லத்தியைத் தெருவில் கொண்டு போவது மட்டுமல்ல, 2021 ஜூலையிலிருந்து வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டு எடுத்துச் சென்று பிள்ளையைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

கையில் வைத்திருப்பது ஒரு கேள்வி, அதனால் அடிப்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் நம் மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் மிக உறுதியாகவே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆபத்து வந்தாலும் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல் என்றால், தடுக்கும்போது தாக்கியவன் செத்துப்போனால்கூட 38-வது பிரிவு காப்பாற்றும். இது ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டமும் இல்லை. 2012-ல் மதுரையில், பெற்ற மகளையே வன்கொடுமை செய்ய முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்துபோனான். இது தற்காப்பு என்று மாவட்டக் காவல்துறையே அவரை விடுவித்தது. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியைக் காட்டி வன்கொடுமைக்கு முயன்றவனிடமிருந்து அந்தக் கத்தியையே பிடுங்கித் தற்காத்துக்கொண்ட 19 வயதுப் பெண்ணையும், அவன் இறந்தபோதும், காவல்துறை அதே காரணத்தால் விடுவித்தது. அப்படி முடிவெடுத்த இரண்டு காவல் அதிகாரிகளையும் நான் வணங்குகிறேன். சட்டத்தைப் படித்து, படித்தபடி நடந்தவர்கள்.

இந்த இரண்டு சம்பவத்திலும் அந்தப் பெண்கள் கையில் உரிமம் பெற்ற ஆயுதம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று வீட்டில் கிடந்த மட்டை, இன்னொன்று எதிரியின் கத்தி. ஆபத்து நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுக்கலாம். எதை எடுத்தாய் என்பதைவிட ஆபத்து உண்மையிலேயே இருந்ததா, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் அடித்தாயா என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கும்.

எல்லைகள் 37-வது பிரிவில் இருக்கின்றன. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் அடிக்க உரிமை கிடையாது. ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிந்தது, ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில்லை, தாக்குதல். பதற்றத்தில் இருக்கிறவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனாலும் எல்லை எல்லைதான். 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்கவில்லை, பெப்பர் ஸ்பிரேயும் ஆபத்தான ஆயுதம் ஆகலாம் என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. பெப்பர் ஸ்பிரேக்கே அப்படி என்றால் ஸ்டீல் லத்தியை யோசியுங்கள். அடித்தால் சாவு வரக்கூடிய கருவியால் காயப்படுத்தினால் 118-வது பிரிவு, சாதாரணக் காயத்துக்கே 3 ஆண்டுகள் வரை சிறை, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு முதல் 10 ஆண்டுகள் வரை, ஆயுள் தண்டனைகூடக் கொடுக்கலாம். பார்க்கிங் சண்டையிலும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலும் பையிலிருந்து லத்தி வெளியே வருவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இப்போது சட்டத்தை விட்டுவிட்டுத் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். கம்பு வேலை செய்வது தூரத்தில். எதிரிக்கும் நமக்கும் நடுவில் இடைவெளியை வைத்துக்கொள்ளத்தான் நெற்றி உயரக் கம்பு, அதற்காகத்தான் முதல் பாடமே கால் வைப்பு. நெருங்கிவிட்டவன் முன்னால் கம்புக்காரன் பாதி தோற்றவன். மடக்கு லத்தியோ நீட்டினாலும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். பெண்களுக்குத் தொல்லை நடப்பது பெரும்பாலும் நெரிசலில், பஸ்ஸில், லிஃப்ட்டில், வண்டியை மறித்து. அங்கே லத்தியைப் பையிலிருந்து எடுத்து, உதறி, பூட்டி, ஓங்குவதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார்கள். பிடுங்கினால் அதே லத்தி நம் பிள்ளை மேல் திரும்பும். சரியாக விழுந்தாலும் ஆபத்துதான். பயிற்சி இல்லாத கை பயத்தில் எப்போதும் தலையை நோக்கித்தான் போகும். இடுப்புக்குக் கீழே அடி என்று போலீசுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள், இருந்தும் 2020-ல் சாத்தான்குளத்தில் லத்தி அடி பட்டுத் தந்தையும் மகனும் உயிரை விட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் என்னிடம் கேட்கும் பெற்றோர்களிடம் நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், வாங்காதீர்கள். மாறாக, பிடியை உதறிக்கொண்டு ஓடப் பழக்குங்கள், கத்தப் பழக்குங்கள், 100-ம் 181-ம் போனில் முதலில் இருக்கட்டும். வயதானவர்கள் ஊன்றுகோல் எடுத்துப் போகட்டும், அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுக்குமாடிகளிலும் ஏடிஎம் வாசலிலும் நிற்கும் காவலாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் லத்தியைக் கொடுத்து நிறுத்துகிறார்கள், ஆனால் எந்த அளவுக்கு அடிக்கலாம், யாரைப் பிடிக்கலாம் என்று பல இடங்களில் சொல்லிக் கொடுப்பதே இல்லை. அவர்களுக்கு மற்ற குடிமக்களைவிட ஓர் அதிகாரமும் கூடுதலாக இல்லை. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பிடித்து வைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். திருடன் என்று நினைத்து எவனையோ கட்டிவைத்து அடித்தால் ஜெயிலுக்குப் போவது மாதம் சில ஆயிரம் வாங்கும் அந்தக் காவலாளி. லத்தியைக் கொடுத்த கம்பெனி முதலாளி போவதில்லை.

என் கோரிக்கை பெரியதில்லை. தமிழ்நாடு காவல்துறை ஒரே ஒரு பக்கத்தில், நல்ல தமிழில், எது உரிமம் வேண்டாத கம்பு, எது பட்டியலில் உள்ள ஆயுதம், இந்த மாநிலத்தில் எந்தப் பகுதிக்கு 4-வது பிரிவு அறிவிக்கை உண்டு, தடை உத்தரவு சமயத்தில் என்ன மாறும் என்று எழுதி எல்லா நிலையங்களிலும் ஒட்ட வேண்டும், இணையத்திலும் போட வேண்டும். விதிகளில் சொன்ன வகை ஆயுதங்களைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, எஃகு லத்தியைச் செல்போன் கவர் விற்பதுபோல் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் விற்பனைத் தளங்களிடம், விற்பவரின் உரிமம் எங்கே என்று அரசு இதுவரை கேட்டிருக்கிறதா? கேட்கவில்லை என்றால் இப்போது கேட்க வேண்டும். வாங்குகிறவர் வழக்கில் மாட்டும்போது விற்றவர் காசை எண்ணிக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

சிலம்பம் பழகும் மாணவர்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஓர் அடையாள அட்டை கொடுக்கட்டும். கம்பின் நீளம், பயிற்சி மையத்தின் பெயர், போட்டி நடக்கும் இடம் இவ்வளவு இருந்தால் போதும். போக்குவரத்துக் கழகங்களும் கம்பைப் படுக்கவைத்துக் கொண்டு செல்ல பஸ்ஸில் அனுமதி உண்டு என்று கண்டக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால் மண்டலப் போட்டிகள் ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் இது நடந்தால் எங்கள் பிள்ளைகள் சொந்தக் கம்போடு போட்டிக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
சிலம்ப ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.